ஆவியில் ஓடிய ஸ்கூட்டர்

பெட்ரோல் பங்க் வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர், முன்பின் பழக்கமில்லாத உங்களைத் திரும்பிப் பார்த்து, "வண்டி எவ்வளவு தருது?" என்று கேட்டால் உஷாராகிவிடுங்கள். ஐம்பது என்று சொல்லாதீர்கள். நாற்பது என்றும் சொல்லாதீர்கள். வண்டி என்னுடையது இல்லை, பக்கத்து வீட்டுக்காரருடையது என்று புளுகிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்ளுங்கள். ஏனென்றால், நீங்கள் எந்த எண்ணைச் சொன்னாலும் அவர் ஒரு சிரிப்புச் சிரிப்பார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டர் சிரிப்பாரே, அந்த மாதிரி. அதற்கு நீங்கள் "ஏன் சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டீர்களோ, தீர்ந்தது. உங்கள் முறை வந்து, பெட்ரோல் போட்டு, டாங்க் மூடியைத் திருகி, வண்டியை ஓரங்கட்டி, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி நீங்கள் தலையாட்டிக்கொண்டே இருக்க, அலுவலகத்தில் உங்கள் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு கோடு விழும்வரை அவர் விடமாட்டார்.

இவர்தான் மைலேஜ் ஞானி.

தெருவுக்கு ஒருவர் நிச்சயம் இருப்பார். இரண்டு பேர் இருக்கும் தெருவில் இருவருக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. என் கண்டுபிடிப்பை அவன் திருடிவிட்டான் என்று ஒருவரும், அவன் கண்டுபிடிப்பைத் திருடும் அளவுக்கு நான் தாழ்ந்துவிடவில்லை என்று இன்னொருவரும் சொல்லிக்கொண்டு திரிவார்கள். ஆளை அடையாளம் கண்டுகொள்வது சிரமமே இல்லை. ஒரு புருவம் முழுசாக இருக்கும், இன்னொன்று பாதி இருக்கும். மீதிப் பாதி ஏதோ ஒரு சோதனையில் போயிருக்கும். மற்றவர்கள் பேனா குத்திக்கொள்ளும் சட்டைப் பையில் இவர் ஊசி போடும் சிரிஞ்ச் குத்தியிருப்பார். வைத்தியம் பார்க்கிறவர் அல்ல; பெட்ரோலை மில்லி மில்லியாக அளக்கிறவர். நீங்கள் தீக்குச்சியைக் கிழித்தால் இரண்டடி தள்ளி நிற்பார். தன்னைப் பற்றி அவருக்கு அவ்வளவு தெரியும்.

இவர் பேச்சு எப்போதும் ஒரே இடத்தில் ஆரம்பிக்கும்.

"பெட்ரோல் எரியும்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"எல்லாரும் தப்பு. பெட்ரோல் எரியாது சார். பெட்ரோலோட ஆவிதான் எரியும்."

இதில் நமக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. இது உண்மை. பொய்யில் ஆரம்பித்தால் நாம் பாட்டுக்கு எழுந்து போய்விடலாம். உண்மையில் ஆரம்பிக்கிறவரிடம் என்ன செய்வது? உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். உட்கார்ந்தால், கார்புரேட்டர் என்பது பெட்ரோலைத் துளித்துளியாகத் தெளிக்கும் ஒரு மோசடி என்றும், துளி எரியாது என்றும், நூற்றுக்கு எழுபது பங்கு எரியாமலே சைலன்சர் வழியாக வெளியே போய்விடுகிறது என்றும், அதை முன்கூட்டியே ஆவியாக்கி உள்ளே அனுப்பினால் லிட்டருக்கு நூறு கிலோமீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓடும் என்றும் மூச்சு விடாமல் சொல்லி முடிப்பார். எழுபது பங்கு என்று அளந்தவர் யார்? இவர் அளக்கவில்லை. இவருக்குச் சொன்னவரும் அளக்கவில்லை. அவருக்குச் சொன்னவர் இன்னொரு பங்க் வரிசையில் நின்றவர்.

"அப்படின்னா கம்பெனிக்காரங்களே இதைப் பண்ணியிருப்பாங்களே சார்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். குரல் சட்டென்று இறங்கிவிடும். பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு பார்வை.

"ஒருத்தன் கண்டுபிடிச்சான். லிட்டருக்கு இருநூறு. மறுநாள் ஆளையே காணோம்."

"எங்கே போனாராம்?"

"அதான் காணோம்னு சொல்றேனே!"

இந்தக் காணாமல் போனவர் எல்லா மைலேஜ் ஞானிகளுக்கும் பொதுச் சொத்து. பெயர் தெரியாது, ஊர் தெரியாது, எந்த வருடம் என்று கேட்டால் கோபம் வரும். ஆனால் அவர் காணாமல் போன விதம் மட்டும் மணி, நிமிடத்தோடு தெரியும்.

போகட்டும். பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் முகம் பிடிபடாது. ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

நாம் எடுத்துக்கொண்டவர் குடிநீர் வாரியத்தில் மீட்டர் ரீடர். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைக் குனிந்து பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு வருவது வேலை. பத்தொன்பது வருட சர்வீஸ். வாரியக் குடியிருப்பில் முதல் மாடி. இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு பால்கனி. பால்கனி என்றுதான் கட்டியவர்கள் நினைத்துக் கட்டினார்கள். இப்போது அது ஆய்வுக்கூடம். துணி காயப்போடும் கொடியில் துணிக்குப் பதிலாக ரப்பர் குழாய்கள் தொங்கும். கீழே நிற்பது அவருடைய பழைய ஸ்கூட்டர். சின்னச் சின்னச் சக்கரம், பெரிய பெரிய நம்பிக்கை. சீட்டுக்கு அடியில் ஒரு ஜாம் பாட்டில், அதற்குள் பெட்ரோல், பெட்ரோலுக்குள் மீன்தொட்டியில் குமிழி விடும் கல், பாட்டில் மூடியில் ஆஸ்பத்திரி சலைன் குழாய், அங்கிருந்து புறப்பட்டுச் சைலன்சரைப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு வரும் செம்புக் குழாய். பார்க்கிறவர்களுக்கு வண்டியைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருப்பது போலத் தோன்றும்.

குடியிருப்பில் அவருக்குப் பெயர் ஆவிக்காரர்.

அந்தப் பெயர் எவ்வளவு தூரம் பரவியது என்றால், ஒருநாள் மூன்று தெரு தள்ளியிருந்து ஓர் அம்மா தேடிக்கொண்டே வந்துவிட்டார். வெள்ளைக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஐயா, நீங்கதான் ஆவியெல்லாம் வரவழைக்கிறவரா?"

தன்னைத் தேடி முதல்முதலாக ஒரு ஆள் வந்த பூரிப்பில் ஆவிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "ஆமாம்மா. ஏழு வருஷமா அதான் வேலை."

"எங்க வீட்டுக்காரர் பீரோ சாவியை எங்கே வெச்சார்னு கேக்கணும். சொல்லாமப் போயிட்டார்."

ஆவிக்காரர் காதில் பாதிதான் விழுந்தது. "ஆவி சும்மா வராதும்மா. முதல்ல நல்லா சூடு பண்ணணும்."

"எரிச்சே மூணு மாசம் ஆச்சே ஐயா!"

"அங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க! ஆவியாக்கிட்டு அப்புறம்தான் எரிக்கணும். எரிச்சிட்டு ஆவி வரலைன்னா எப்படிம்மா வரும்? வரிசையே மாறிப்போச்சே!"

அந்த அம்மா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி, அன்று முழுக்கச் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள்.

இந்த மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மைலேஜ் ஞானிக்குப் பின்னாலும் குக்கர் விசிலைத் தேடிக்கொண்டிருக்கும் ஒருத்தி உண்டு. இவள் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர் அறையில் குமாஸ்தா. எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று டிரைவர்கள் எழுதிக்கொடுக்கும் டிரிப் ஷீட்டைச் சரிபார்ப்பது வேலை. எந்த ஸ்டாப்புக்கும் எந்த ஸ்டாப்புக்கும் எவ்வளவு தூரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். வழியில் மாமியார் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்த டிரைவர்கள் அவள் மேசைக்கு முன்னால் வந்து நிற்கும்போதே எச்சில் விழுங்குவார்கள்.

வீட்டில் மட்டும் அவள் பாச்சா பலிக்கவில்லை.

"குக்கர் விசில் எங்கேங்க?"

"ஆராய்ச்சியில இருக்கு."

"ரப்பர் வளையம்?"

"அதுவும்தான்."

"அப்ப குக்கரையும் எடுத்துட்டுப் போயிடுங்க. தனியா இருந்து அது மட்டும் என்ன பண்ணப்போகுது?"

மறுநாள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சோதனை ஓட்டம் என்று ஒன்று உண்டு, மாதம் ஒருமுறை. காற்று எதிரே வீசக் கூடாது. வெயில் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. டயருக்குக் காற்று அடித்திருக்க வேண்டும். செருப்புகூடக் கனம் குறைந்ததாகப் போட்டுக்கொள்வார். முக்கியமாக, பின்சீட்டில் மனைவி உட்காரக் கூடாது. "நீ ஏறினா அது லோடும்மா. ரிசல்ட் கெட்டுப்போயிடும்." ஏழு வருடமாக ஒரே வீட்டிலிருந்து ஒரே பக்கம் வேலைக்குப் போகும் இரண்டு பேரில், ஒருவர் ஆவியில் போனார், ஒருத்தி பஸ்ஸில் போனாள். பஸ்தான் எப்போதும் முதலில் போய்ச் சேர்ந்தது.

இவ்வளவு செய்தும் நோட்டில் ஏறிய எண் என்ன? நாற்பத்தெட்டு. போன மாதம் நாற்பத்தேழு. அதற்கு முந்தைய மாதம் நாற்பத்தெட்டரை. பாட்டில் வைப்பதற்கு முன்னால்? நாற்பத்தெட்டு. இதைக் கண்டு மனம் தளர்ந்தால் அவர் மைலேஜ் ஞானி ஆகியிருக்க முடியுமா? "நெருங்கிட்டோம்" என்பார். ஏழு வருடமாக நெருங்கிக்கொண்டிருந்தார். இப்படியே நெருங்கிக்கொண்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, புருவத்துக்குத்தான்.

வினை வேறு உருவத்தில் வந்தது. ஸ்கூட்டரின் ஸ்பீடாமீட்டர் முள் ஒருநாள் அசையாமல் நின்றுவிட்டது. தெருமுனை மெக்கானிக்கிடம், ஸ்பேனர் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஆளிடம், வண்டியை விட்டுவிட்டு வந்தார். சாயந்தரம் போனபோது முள் ஜோராக ஆடியது. அந்த வாரம் செம்புக் குழாயைப் பதினான்கு சுற்றாக்கிச் சோதனை ஓட்டம் போனார். திரும்பி வந்து, நோட்டைத் திறந்து, வகுத்தார். மறுபடி வகுத்தார். படியேறி வந்தவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"எழுபத்திரண்டு!"

"எதுக்கு?"

"லிட்டருக்கு! எழுபத்திரண்டும்மா! ரெண்டே ரெண்டு சுத்து அதிகம் சுத்தினேன். வண்டி போற போக்கே வேற. முன்னெல்லாம் நாப்பதுக்கு மேல போனா நடுங்கும். இன்னிக்கு அறுபதுல பூ மாதிரி போகுது!"

பூ மாதிரி அறுபதில் போய்க்கொண்டிருந்தவரை, பின்னால் இரண்டு அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு மொபெட்காரர் முந்திக்கொண்டு போனார் என்பதை அவர் சொல்லவில்லை. கவனித்தாரா என்பதே சந்தேகம்.

அடுத்த மாதம்வரை பொறுக்க முடியாமல் வாரத்துக்கு ஒரு ஓட்டம் போக ஆரம்பித்தார். அடுத்த வாரமும் எழுபத்திரண்டு. அதற்கடுத்த வாரம் எழுபத்திரண்டரை. மூன்றாம் வாரம் சனிக்கிழமை மத்தியானம் அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அடியில் அட்டை வைத்து, 'பெருமதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பித்து, சொந்தக் காரணங்களுக்காகப் பதவியை ராஜினாமா செய்வதாக அழகான கையெழுத்தில் எழுதி முடித்தார்.

மனைவி அதை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

"ராஜினாமாவா?"

"திங்கக்கிழமை குடுத்துடறேன். வேலையும் ஆராய்ச்சியும் ஒண்ணா நடக்காதும்மா."

"குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லுவாங்களே."

"மூணு மாசம் டைம் குடுப்பாங்க. அதுக்குள்ள கம்பெனிக்காரங்க நம்ம வாசல்ல வந்து நிப்பாங்க பாரு."

"எந்த வாசல்ல? அதைத்தான் காலி பண்ணியிருப்போமே."

அவருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. அவளுக்குப் பட்டது. பதினாறு வருடம் அவள் பெருக்கித் துடைத்த இரண்டு அறை அது. ஜன்னல் கம்பிக்குத் தன் கையால் பெயின்ட் அடித்திருக்கிறாள். ஒரு சமையலறையாவது தன் பேச்சைக் கேட்கிறதே என்றிருந்தவளிடமிருந்து, ஒரு ஜாம் பாட்டில் அதையும் பிடுங்கிக்கொள்ளப் பார்த்தது.

உடனே தம்பிக்குப் போன் போட்டாள். தம்பி பாலிடெக்னிக்கில் லெக்சரர். எஞ்சின் பாடமே அவன்தான் நடத்துகிறான். சைக்கிளில் வந்து இறங்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நேராக விஷயத்துக்கு வந்தான்.

"மாமா, நூறு பங்கு உள்ள போனா தொண்ணூத்தெட்டு பங்கு ஏற்கெனவே எரிஞ்சிடுது மாமா. உறிஞ்சும்போதே முக்கால்வாசி ஆவியாயிடும். நமக்கு நஷ்டமாகிறது எரியாம இல்ல, எரிஞ்சதுக்கு அப்புறம் சூடாப் போகுது. மிச்சமிருக்கிற ரெண்டு பங்கை வெச்சுக்கிட்டு எப்படி மாமா ஒண்ணரை மடங்கு ஏறும்?"

"நீ சொல்றது புஸ்தகம் மாப்ள. என் வண்டி புஸ்தகம் படிக்கல."

"புஸ்தகத்துல இருக்கிறது வண்டியைப் பார்த்துத்தான் மாமா எழுதினது."

"சரி, ஒத்துக்கறேன். அப்ப எழுபத்திரண்டு எப்படி வந்துச்சு? சொல்லேன்."

தம்பி நோட்டை வாங்கினான். ஒவ்வொரு வகுத்தலையும் மறுபடி போட்டான். எல்லாம் சரியாக இருந்தது. அரைமணி நேரம் தலையைச் சொறிந்தான். "எங்கேயோ தப்பு இருக்கு மாமா" என்றான்.

"எங்கே?"

"தெரியல."

"படிச்சவங்க கடைசியில வந்து நிக்கிற இடம் இதான்" என்று ஆவிக்காரர் அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டு லெக்சரருக்கு அடியைவிட வலித்தது. அவன் மேல் முழுப் பழியையும் போட்டுவிட முடியாது. தாளில் கட்டம் போட்டு எழுதியிருக்கும் எண்ணை நம்புவதற்குத்தானே அத்தனை வருடம் படிக்கிறோம்? வகுத்தது சரியா என்று மூன்று முறை பார்த்தான். வகுபட்ட எண் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

தம்பி போன பிறகு, மேசையில் கிடந்த நோட்டை அவள் எடுத்தாள். கணக்கு அவளுக்கு வேண்டாம். வேறு எதையும் செய்யத் தோன்றாமல் பக்கத்தைப் புரட்டினாள். வகுத்தலைத் தாண்டி, அவள் கண் பழக்க தோஷத்தில் டிரிப் ஷீட் பார்ப்பது போல ஓரத்துக் கட்டத்துக்குப் போயிற்று. 'வீடு – ஆபீஸ் – வீடு.' பதினெட்டு. பதினெட்டு. பதினெட்டு. ஏழு வருடமாகப் பதினெட்டு. கடைசி மூன்று வரி மட்டும் இருபத்தேழு.

ஒன்பது கிலோமீட்டர் கூடுதல்.

ஒரு டிரைவர் இப்படி எழுதிக்கொண்டு வந்திருந்தால் அவளுக்கு என்ன தோன்றியிருக்குமோ அதுதான் தோன்றியது. எங்கே சுற்றிவிட்டு வருகிறார்? மூன்று வாரமாக முகத்தில் ஒரு களை, வாயில் ஒரு பாட்டு, செருப்புக்குப் பாலிஷ். லேசான செருப்பு வேறு!

ஞாயிற்றுக்கிழமை காலை, டீயை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"மூணு வாரமா இந்த ஒம்பது கிலோமீட்டர் எங்கே போயிட்டு வர்றீங்க?"

"எங்கே போறேன்? ஆபீஸ் விட்டா வீடு."

"நோட்டு அப்படிச் சொல்லலையே."

"நோட்டுல என்ன?"

"இங்கிருந்து உங்க ஆபீஸ் ஒம்பது கிலோமீட்டர். போக ஒம்பது, வர ஒம்பது, பதினெட்டு. உங்க நோட்டுல இருபத்தேழு. மிச்சம் ஒம்பது யார் வீட்டுக்கு?"

"ஐயையோ, என்னம்மா பேசறே! சத்தியமா நேரா வீட்டுக்குத்தான் வர்றேன்."

"அப்ப உங்க ஆபீஸ் நகர்ந்து போயிடுச்சா?"

ஆவிக்காரர் டீ டம்ளரைத் தள்ளி வைத்தார். இப்போது அவர் மாட்டிக்கொண்டிருக்கும் முட்டுச்சந்தைப் பாருங்கள். வேறெங்கும் போகவில்லை என்றால், மீட்டர் தப்பு. மீட்டர் தப்பு என்றால் எழுபத்திரண்டு போயிற்று. மீட்டர் சரி என்றால், ஒன்பது கிலோமீட்டர் எங்கோ போய் வந்திருக்கிறார். குடும்ப மானம் ஒரு பக்கம், விஞ்ஞானம் ஒரு பக்கம். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, நம்புங்கள், பதினாறு வருடம் வேறொரு பெண்ணை ஏறிட்டுப் பார்க்காத அந்த மனிதர் மெல்ல ஆரம்பித்தார்:

"இல்ல... சில நாள்... அப்படியே ஒரு வீட்டுப் பக்கம்..."

"எந்த வீடு?"

"அது வந்து... ஒரு வீடு..."

"எந்தத் தெரு?"

அவருக்குத் தெரு கிடைக்கவில்லை. வீடு வீடாக ஏறி இறங்குகிற மீட்டர் ரீடருக்கு ஒரு பொய் வீடு கிடைக்கவில்லை. வியர்த்துக் கொட்டியது. அவள் அந்த முகத்தையே பார்த்தாள். பொய்யான டிரிப் ஷீட்டோடு வந்து நிற்கும் எத்தனையோ முகங்களைப் பார்த்தவள். போகாத வீட்டுக்குப் போனேன் என்று சொல்லிப் பிடிபட்ட முகத்தை அன்றுதான் பார்க்கிறாள். சந்தேகம் போயிற்று. அந்த இடத்தில் சிரிப்பு வந்தது, அதை அடக்கிக்கொண்டாள்.

"எழுந்திருங்க. வண்டியை எடுங்க."

"எதுக்கு?"

"இன்னிக்கு நானும் வர்றேன்."

ஏழு வருடத்துக்குப் பிறகு லோடு ஏறி உட்கார்ந்தது. கையில் டிப்போவின் ஸ்டாப் பட்டியல். குடியிருப்பு வாசல் ஸ்டாப்பில் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளச் சொன்னாள். ஸ்கூல் ஸ்டாப்பில் நிறுத்தச் சொன்னாள்.

"பட்டியல்ல ரெண்டு கிலோமீட்டர். உங்க மீட்டர்ல?"

"மூணு. ஸ்டாப்பைத் தள்ளி வெச்சிருப்பாங்கம்மா. கூட்டத்துக்காக."

மார்க்கெட் ஸ்டாப்பில் பட்டியல் நான்கு, மீட்டர் ஆறு. "ரோடு போட்ட காண்ட்ராக்டர் தூரத்தைக் குறைச்சுக் காட்டியிருப்பான்" என்றார். குரலில் பழைய வேகம் இல்லை. பாலத்து ஸ்டாப்பில் ஆறுக்கு ஒன்பது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளாகப் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் ஸ்பேனரின் கடை பாதிக் கதவு திறந்திருந்தது.

"முள் நின்னுபோச்சுன்னு குடுத்தேனே, என்னத்தை மாத்தினே?" என்றார் ஆவிக்காரர்.

"முன்சக்கரத்துக்குள்ள இருக்கிற சின்னப் பல்சக்கரம் சார். தேஞ்சு போயிருந்துச்சு. உங்க ஸ்கூட்டரோடது இப்ப எங்கேயும் கிடைக்கல. பெரிய சக்கர மோட்டார் சைக்கிளோடது ஒண்ணு டப்பாவுல கிடந்துச்சு. வெச்சுப் பார்த்தேன், கச்சிதமா உக்காந்துச்சு."

"பெரிய சக்கரத்தோடதா?"

"ஆமா சார். உங்க சக்கரம் சின்னது, அதிகமா சுத்தும். மீட்டர் கொஞ்சம் வேகமா ஓடும், அவ்வளவுதான். முள்ளு ஆடுதுல்ல? அதானே நீங்க கேட்டது?"

நியாயம்தானே. அவர் கேட்டது அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் ஆவிக்காரர் பால்கனியில் போய் உட்கார்ந்தார். எழுபத்திரண்டை ஒன்றரையால் வகுப்பதற்கு அவருக்கு நோட்டு தேவைப்படவில்லை. 'நான் அப்பவே சொன்னேனே' என்று சொல்வதற்காக ஏழு வருடமாக அவள் ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தாள். பால்கனி வாசலில் போய் நின்றபோது அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் முதுகைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது.

"நாப்பத்தெட்டும் நல்லாத்தாங்க இருக்கு" என்றாள்.

"அது கம்பெனியே குடுத்தது" என்றார் அவர்.

கொடியில் தொங்கிய ரப்பர் குழாய்களை ஒதுக்கிவிட்டு, முதல்முறையாக அங்கே ஒரு துண்டைக் காயப்போட்டாள்.

திங்கட்கிழமை அவர் போன பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். ராஜினாமாக் கடிதத்தைக் காணோம்.

அன்று டிப்போவில் அவளுக்கு எதுவும் ஓடவில்லை. ரோஷக்கார மனுஷன், அவமானத்தில் குடுத்துத் தொலைத்துவிட்டாரோ? இனி அந்த ஆபீசில் எந்த முகத்தோடு உட்காருவது என்று நினைத்துவிட்டாரோ? ஒரு டிரைவர் நான்கு கிலோமீட்டர் கூடுதலாக எழுதிக்கொண்டு வந்ததைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டாள். அந்த டிரைவரே பயந்துபோய், "அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

சாயந்தரம் அவள் கதவைத் திறந்தபோது அவர் ஏற்கெனவே வந்திருந்தார். வாயில் பாட்டு.

"லெட்டர் எங்கே?" என்றாள் செருப்பைக் கழற்றாமலே.

"எந்த லெட்டர்?"

"ராஜினாமா லெட்டர்! குடுத்துட்டீங்களா?"

"ஓ, அதுவா!" சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துப் பிரித்து மேசையில் பரப்பினார். எழுத்துப் பக்கம் கீழே இருந்தது. மேலே இருந்த பக்கம் முழுக்கக் குழாய்கள், அம்புக்குறிகள், வட்டங்கள். "குடுக்கத்தான் எடுத்துட்டுப் போனேன். சூப்பிரண்டு வர லேட்டாச்சு. வெளியில காத்திருந்தப்ப சட்டுனு ஒரு யோசனை. கையில வேற பேப்பர் இல்ல. இங்க பாரும்மா, இத்தனை வருஷமா நாம பண்ணின தப்பு என்ன தெரியுமா? ஆவியைச் சூடா உள்ள அனுப்பினோம். குளிர வெச்சு அனுப்பணும்!"

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். 'பெருமதிப்பிற்குரிய ஐயா.' மறுபடி திருப்பினாள். குழாய்கள். ஒரே தாள். இதில் ஒன்றைக் கொடுக்க வேண்டுமென்றால் இன்னொன்றையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். கண்டுபிடிப்பை அடுத்தவர் கையில் கொடுக்கிற ஆளா இவர்?

"இது எப்பங்க முடியும்?" என்று கேட்டாள்.

"ஆறு மாசம். ஒரு வருஷம் ஆனாலும் ஆகும்."

"எதுக்கு அவசரம்? நிதானமாப் பண்ணுங்க" என்றாள். ஏழு வருடத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல்முறை. அவர் நெகிழ்ந்துபோனார். மறுநாள் டிப்போவிலிருந்து வரும் வழியில் அவளே கடையில் இறங்கி ஆறு மீட்டர் செம்புக் குழாய் வாங்கிக்கொண்டு வந்தாள். "பாதியில பத்தாமப் போயிடப் போகுது" என்று அவர் கையில் கொடுத்தாள். அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வரைபடப் பக்கம் தெரியும்படி, பால்கனிச் சுவரில் மாட்டியிருப்பதும் அவள்தான். வீட்டு வாசலும் குவார்ட்டர்ஸும் அதற்குப் பின்னால் பத்திரமாக இருக்கின்றன.

நீங்கள் சிரித்துக்கொண்டே இங்கே வந்து சேர்ந்திருப்பீர்கள். இந்த மாதிரி ஆளை எனக்கும் தெரியும் என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்லவும் சொல்லியிருப்பீர்கள். சந்தோஷம். ஆனால் ஒன்று. படித்துக்கொண்டு வரும்போது நடுவில் எங்கேயாவது, ஒரே ஒரு நிமிடம், 'சைலன்சரில் சுற்றினால் எப்படி, சூடு பாதி வழியிலேயே போய்விடுமே, எஞ்சின் தலைமேல் சுற்றிப் பார்த்திருக்கலாமே' என்று உங்களுக்குத் தோன்றியதா?

தோன்றவில்லை என்றால் நிம்மதியாகத் தூங்குங்கள். தோன்றியிருந்தால், பங்க் வரிசையில் முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்க்கப்போகிறாரே என்று இனி நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியவர் உங்களுக்குப் பின்னால் நிற்கிறார்.